பழைய புல்வெட்டும் மெசின்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

தோட்டத்துப் பங்களாவின் விறகுக் கொட்டிலில் சாக்கு மூடிக் கிடந்த புல்வெட்டும் மெசினை யாராவது லொறியில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் கராஜ் வாசலில் இறக்குவார்கள். இறக்கியதும் முதல் கேள்வி, “அண்ணே, இதுக்கு என்ன கலர் அடிக்கலாம்?” என்பதுதான். கயிறு இழுபடுதா என்று கேட்டால், “அதைப் பிறகு பார்ப்போமே” என்பார்கள்.

கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நானும் அப்படித் தொடங்கியவன்தான். முதலில் கை வைத்தது கரும்பச்சை அட்கோ மெசின் ஒன்று. ஆடி மாதத்தில், எங்கள் மலைநாட்டு அட்டன் மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, முகம் தெரிகிற அளவுக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தினேன். மூன்றாம் கிழமை கொப்புளம். அப்புறம் எஞ்சினைத் திறக்க வேண்டி வந்தது. காபரேட்டரிலிருந்து வழிந்த பெற்றோல் மிச்சமிருந்த பெயின்டையும் கரைத்துவிட்டது. அன்றிலிருந்து மெசின் ஓடி, புல் வெட்டி, ஒரு நாள் ஒயில் கசியாமல் நின்றால் மட்டும்தான் பெயின்ட் டின்னைத் திறப்பேன்.

வருகிற மெசின்கள் இரண்டு சாதி. ஒன்று உருளை மெசின். முறுக்கிய ஐந்தாறு கத்திகள் உருளையாகச் சுழன்று, அடியிலுள்ள நேர்க்கத்தியோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். ரான்சம்ஸ், அட்கோ, குவால்காஸ்ட் என்று இங்கிலாந்துப் பெயர் இருக்கும். மற்றது ரோட்டரி. தகர மூடிக்கு அடியில் ஒரே பிளேட் விசிறி மாதிரி சுற்றும். கீழே கோளாறுகளே தலைப்பு; உங்கள் மெசின் என்ன செய்கிறதோ அந்த இடத்துக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணம் எப்போதும் முதலில் வரும்.

கை வைக்கும் முன் மூன்று விசயம். பிளேட் பக்கம் கை போவதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றித் தள்ளிக் கட்டிவிடுங்கள். சும்மா நிற்கிற எஞ்சினும் பிளேட்டைக் கையால் திருப்பினால் ஒரு உதை உதைக்கும். ரோட்டரியைச் சரிக்கும்போது எயார் பில்ட்டர் மேலே பார்க்க வேண்டும். மூன்றாவது, பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே உலர்ந்தபடி தேய்த்துத் தூசு கிளப்பாமல் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேயுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

கயிறு இழுபடவே இல்லை

முதலில் அடியில் பாருங்கள். உரப்பை நூல், காய்ந்த புல், ஒருமுறை ஒரு முழுச் சாரம்கூடக் கத்தியில் சுற்றியிருந்தது. அறுத்து எடுத்தால் வேலை முடிந்தது. கைப்பிடியில் பிரேக் லீவர் உள்ள ரோட்டரி என்றால் லீவரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இழுங்கள்.

அடியில் ஒன்றும் இல்லையா? பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

*இப்போது இழுபட்டு, பிளக் துவாரத்தால் ஒயில் பீச்சுகிறது என்றால்:* யாரோ மெசினைத் தப்புப் பக்கமாகச் சரித்து ஏற்றி வந்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து தரம் இழுத்து ஒயிலை வெளியேற்றி, பிளக்கைத் துடைத்துப் போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் புகை கக்கும், பயப்பட வேண்டாம்.

*பிளக் இல்லாமலும் அசையவில்லை என்றால்:* பிஸ்டன் துருவில் பிடித்திருக்கிறது. பிளக் துவாரத்தில் டீசலும் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு தேக்கரண்டி ஊற்றி, மூன்று நான்கு நாள் விடுங்கள். பிறகு பிளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். ஒரு நூல் அளவு அசைந்தாலும் போதும். திரும்ப ஊற்றி இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். சுத்தியலால் தட்டுகிற யோசனை மட்டும் வேண்டாம்.

ஒரு கிழமையில் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். அது பழகியவரின் வேலை. உள்ளே இரும்புச் சிலிண்டர் என்றால் லேத் பட்டறையில் உரசிக் கொடுப்பார்கள். வெறும் அலுமினியச் சிலிண்டர் ஆழமாக அரிக்கப்பட்டிருந்தால் அதே ரக எஞ்சின் இன்னொன்று தேடுவதே மலிவு.

இழுபடுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பெற்றோலை மணந்து பாருங்கள். பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரி புளித்து நாறும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எத்தனையோ மெசின்கள் டாங்கில் இருந்த அரைப் போத்தலோடு அப்படியே மூலைக்குப் போயின. அவை இன்னும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே வியாதி. டாங்கை முழுதாக வடித்து, கழுவி, புதுப் பெற்றோல் போடுங்கள். 92 போதும், 95க்குக் காசைக் கொட்ட வேண்டாம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் ஒயில் கலக்க மறக்க வேண்டாம். எவ்வளவு என்பது பல மெசின்களில் டாங்க் மூடியிலேயே பொறித்திருக்கும்.

அதற்குப் பிறகும் இல்லை என்றால் ஆறேழு தரம் இழுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

*பிளக் காய்ந்திருக்கிறது:* பெற்றோல் வரவில்லை. பெற்றோலைத் திறந்து மூடும் டாப் திறந்திருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து காபரேட்டர் கிண்ணம். கிண்ணத்தைக் கழற்றி ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டு ஓடினால் அது தண்ணீர். இந்தக் குளிரில் அரை டாங்கோடு வைத்த மெசினில் இரவெல்லாம் வியர்த்து இறங்கிய தண்ணீர் அது. பெற்றோல் வரும் ஜெட் துளையைக் கம்பியால் குத்த வேண்டாம், துளை பெருத்துவிடும். கிளீனர் அடித்து ஊதுங்கள். பிடிவாதமாக அடைத்திருந்தால் பல்துலக்கும் பிரஷிலிருந்து ஒரு நைலோன் நாரைப் பிடுங்கிக் குத்துங்கள்.

*பிளக் நனைந்திருக்கிறது:* பெற்றோல் வருகிறது, தீப்பொறி இல்லை. பெற்றோல் டாங்கை மூடி, மெசினைக் காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், பிளக்கை வயரில் கொழுவி, அதன் உலோகப் பகுதியை எஞ்சின் இரும்பில் நன்றாக அழுத்தி இழுங்கள். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், அங்கேயிருந்து பெற்றோல் ஆவி வரும். நீலப் பொறி பளிச்சென்று வர வேண்டும். வராவிட்டால் முதலில் புது பிளக், இடைவெளி 0.030 அங்குலம். அப்புறம் எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் வயர். எலி கடித்தோ பெயின்ட் சுரண்டும்போது நசுங்கியோ எஞ்சின் இரும்பில் தொட்டுக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒருதரம் இழுத்தாலே தெரிந்துவிடும். அதுவும் சரி என்றால் பிளைவீலைக் கழற்ற வேண்டும். அடியில் பொயின்ட், அதாவது பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை, உள்ள பழைய ரகம் என்றால் பொயின்டின் முகம் வெள்ளையாகப் பூத்திருக்கும். விசிட்டிங் காட் ஒன்றைப் பெற்றோலில் நனைத்து இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களுக்குப் பொயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீற்றர்.

*பொறி இருக்கிறது, பெற்றோலும் வருகிறது, ஆனால் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு உதைக்கிறது:* யாரோ கல்லில் அடித்திருக்கிறார்கள். பிளைவீலைப் பிடித்திருக்கும் சின்னச் சாவிக்கட்டை பாதி அறுந்து பொறி நேரம் தப்பி வருகிறது. சாவியின் விலை சொற்பம். கெட்டி இரும்பில் அறுத்துப் போட்டு விடாதீர்கள்; மென்மையான உலோகத்தில் அதைச் செய்திருப்பதே அடுத்த கல்லில் கிராங்க் உடையாமல் அது உடையட்டும் என்பதற்குத்தான்.

புதுப் பெற்றோல், நல்ல பொறி எல்லாம் இருந்தும் கயிறு வெண்ணெயில் இழுப்பது போல வருகிறது என்றால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கம், இல்லை. பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு இழுங்கள். கனம் கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். இந்த இடத்தில் பிட்டர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கேஜ் வைத்துப் பார்ப்பவரிடம் ஒன்று மட்டும் ஞாபகப்படுத்துங்கள்: புத்தகத்தில் போட்டிருப்பது கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியாவில் நல்ல எஞ்சினும் அதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே காட்டும்.

ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது

டாங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். இப்போது நிற்காமல் ஓடுகிறதா? மூடியில் காற்றுப் போகும் ஊசித்துளை அடைத்திருக்கிறது. தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி இந்தக் கோளாறுக்காகக் காபரேட்டரையே புதிதாக வாங்கிப் போட்டுவிட்டு வந்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தேன், பளபளக்கும் சிவப்புப் பெயின்ட் அந்தத் துளையை அழகாக அடைத்திருந்தது. ஒரு ஊசியில் முடிந்த வேலை. அவரே அடித்த பெயின்ட் என்பதால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூடியில் இல்லை என்றால் டாங்கின் உள்துரு. உதிர்ந்த துரு டாப்பின் சல்லடையில் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். டாங்கைக் கழற்றி, ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்குங்கள். மூன்று தரம் குலுக்கினால் வரும் நிறத்தைப் பார்த்தால் நீங்களே நம்பமாட்டீர்கள். டாங்க் ஒழுகுகிறது என்றால் நீங்கள் பற்ற வைக்கப் போகாதீர்கள். காலி டாங்கும் வெடிக்கும். அதைச் செய்யத் தெரிந்த வெல்டிங் பாஸிடம் விட்டுவிடுங்கள்.

கறுப்புப் புகை, பிளக்கில் கரி

எயார் பில்ட்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். புகை தெளிந்தால் பில்ட்டர்தான். ஸ்பொஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, இரண்டு துளி ஒயில் விட்டுப் பிழிந்து போடுங்கள். அடுத்து காற்றை மறிக்கும் சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்பது வழக்கம்.

இரண்டும் சரி, மெசினோ அண்மையில்தான் கொழும்பிலிருந்து வந்தது என்றால் கோளாறு மெசினில் இல்லை, மலையில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். காற்று மெலிவு, பெற்றோல் மட்டும் கீழ்நாட்டு அளவிலேயே வருகிறது. சுமார் 1,500 மீற்றருக்கு மேலே நிரந்தரமாக ஓடுவதென்றால் காபரேட்டரில் சின்ன ஜெட் போடச் சொல்லி ஹொண்டாவின் கையேடுகளே சொல்கின்றன. போட்டாலும் சக்தி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் போய்விடும். சின்ன ஜெட் போட்ட மெசினைத் திரும்பக் கீழே கொண்டுபோய் ஓட்டினால் எஞ்சின் கொதித்துவிடும், அதையும் மறக்க வேண்டாம். அட்டன் உயரத்தில் பெரும்பாலும் இது தேவைப்படாது.

நீலப் புகை வேறு. அது ஒயில். ஒயில் அளவு கூடியிருந்தால் குறையுங்கள், அளவு சரியாக இருந்தும் விடாமல் புகைந்தால் ரிங்.

நட்டு கழலவில்லை, ஸ்பேனர் வழுக்குகிறது

பலம் போதவில்லை என்று நினைத்து இரும்புக் குழாய் கொழுவுவதற்கு முன் ஸ்பேனரைச் சந்தேகியுங்கள். 1970களுக்கு முந்திய இங்கிலாந்து மெசின்களில் பெரும்பாலும் விட்வொர்த் வகை நட்டுகள். ஸ்பேனரில் கால் அங்குலம் என்று அடித்திருப்பது போல்ட்டின் தடிப்பு. ஸ்பேனரின் வாய் 13.3 மில்லிமீற்றர். உங்கள் 13 ஏறாது. 14 ஏறும், ஆனால் ஆடும். இரண்டு இழுப்பில் மூலைகள் மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். புதிதாக வாங்க அலைய வேண்டாம். பக்கத்துத் தேயிலை ஸ்டோரின் பிட்டரிடம் கேளுங்கள். பழைய ரோலர் மெசின்களுக்காக ஒரு செட் விட்வொர்த் அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சரியான ஸ்பேனருக்கும் அசையாவிட்டால் டபிள்யூடி-40 அல்லது டீசல் விட்டு ஓர் இரவு. பிறகு நட்டின் பக்கத்தில் சின்னச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். உருளையின் ஓரத்துச் சின்னக் கியரைப் பிடித்திருக்கும் நட்டு சில மெசின்களில் ஒரு பக்கம் இடமரை. தெரியும் மரையை உற்றுப் பார்த்துவிட்டுப் பலம் போடுங்கள்.

உருளை சுற்றுகிறது, புல்லை வெட்டாமல் பிய்க்கிறது

கத்தி மழுங்கிவிட்டது, சாணை பிடிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். பத்துக்கு ஏழு தரம் சாணை தேவையே இல்லை. உருளைக்கும் அடிக்கத்திக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

பத்திரிகைத் தாளில் ஒரு கீலம் கிழித்து, அடிக்கத்தியின் மேல் வைத்து, உருளையைக் கையால் மெதுவாக முன்னுக்குச் சுற்றுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, விரலை எட்ட வைத்துக்கொண்டு. இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்தில், ஒவ்வொரு கத்திக்கும். தாள் கத்தரித்தது போல வெட்டுப்பட வேண்டும்.

எங்குமே வெட்டாமல் தாள் மடிந்தால் இரண்டு பக்கத்து ஸ்குரூவையும் சமமாகக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் வெட்டாத பக்கத்தை மட்டும். உருளையைச் சுற்றினால் “ஸ்ஸ்” என்று மெல்லிய உரசல் கேட்கலாம், ஆனால் கனக்கக் கூடாது. கனத்தால் இறுக்கம் கூடிவிட்டது, அந்த நிலையில் ஓட்டினால் கத்தி இரண்டும் ஒன்றையொன்று தின்னும்.

சரிசெய்த பிறகும் அங்கங்கே மடிகிறதா? வால்வ் உரசும் கிரைண்டிங் பேஸ்டை ஒயிலில் குழைத்து, பிரஷால் கத்திகளில் பூசி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பத்து நிமிடம் சுற்றி, இறுக்கத்தைக் கொஞ்சம் கூட்டி, இன்னும் பத்து நிமிடம். கத்தி விளிம்பில் ஓரம் முழுக்க ஒரே மாதிரியான சாம்பல் கோடு தெரிய வேண்டும். பேஸ்டை மண்ணெண்ணெயால் ஒரு மணல்கூட இல்லாமல் கழுவுங்கள், பெயாரிங்கில் போய்விட்டால் பெரிய செலவு.

நடுவில் மட்டும் வெட்டவில்லை, அல்லது ஒரு கத்தியில் நகம் அளவு பள்ளம் இருக்கிறது என்றால் இது கைக்குள் அடங்காது. முழு உருளையையும் ஒரே அச்சில் வைத்துச் சாணை பிடிக்கும் மெசின் வேண்டும். கோல்ப் திடல் பராமரிக்கும் இடங்களில் விசாரித்துப் பாருங்கள். நுவரெலியாவில் 1889இலிருந்து கோல்ப் விளையாடுகிறார்கள், உருளை மெசினின் அருமை தெரிந்த கைகள் அங்கே உண்டு. தெருவில் வரும் கத்திச் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ரோட்டரி நடுங்குகிறது

பிளேட்டைக் கழற்றி நடுத்துளையைச் சுவர் ஆணியில் கொழுவுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை, வெட்டும் விளிம்பை விட்டுப் பின்முனையில் அராவுங்கள். பிளேட் சமம், போல்ட்டும் இறுக்கம், இன்னும் நடுங்குகிறது என்றால் பிளக் வயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுக்கச் சொல்லி, எட்ட நின்று பிளேட் போல்ட்டின் தலையைப் பாருங்கள். வட்டம் போட்டு ஆடினால் கிராங்க் வளைந்திருக்கிறது. தட்டி நிமிர்த்துவோம் என்று யாராவது சொன்னால் மெசினைத் திரும்ப லொறியில் ஏற்றிவிடுங்கள்.

துரு எடுத்த இடத்தில் மறுநாளே துரு

துருவை எடுப்பது இலேசு, இந்த ஊரில் அடுத்த ஒரு மணி நேரத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம். சின்னச் சாமான்களை வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, சலவைச் சோடாத் தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே காயவைத்து, சூடு ஆறுவதற்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்கு அடிக்கலாம் என்றால் நாளைக்குச் செம்பட்டை பூத்திருக்கும்.

பெரிய இரும்புச் சாமானுக்குப் பற்றரி சார்ஜர் முறை வசதி. பிளாஸ்டிக் தொட்டியில் லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, துருச் சாமானில் நெகட்டிவ், கழிவு இரும்பில் பொசிட்டிவ், இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கழிவு இரும்பாக எவர்சில்வர் வேண்டாம், தண்ணீர் விஷமாகிவிடும். கிளம்பும் வாயு தீப்பிடிக்கும் என்பதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். அலுமினியச் சாமானை இந்தத் தொட்டியில் இறக்கவே வேண்டாம், அரித்துவிடும்.

துரு எடுத்தபின் தகர மூடியை ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. தொப்பென்று கேட்டால், அல்லது முனை உள்ளே போனால், பில்லர் அப்பி மூடுகிற வேலை வேண்டாம். அடியில் பிளேட் சுற்றுகிறது. ஓட்டையால் கல் பறந்தால் கால் போகும். தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அச்சாணி பொருத்தும் இடங்களிலேயே அரித்திருந்தால் வேறு மூடி தேடுங்கள்.

பெயின்ட் கொப்புளிக்கிறது

பட்டாணி அளவில் எழும்பியிருக்கும் கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்துங்கள்.

*தண்ணீர் வந்தால்:* பிரைமர் அடிக்கும்போது இரும்பு நனைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஈரம். காலையில் ஜன்னல் கண்ணாடி வியர்க்கிறதே, அதே ஈரம் இரும்பிலும் இருக்கும். நான் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றுக்குள் 60 வொட் குண்டு பல்பு தொங்கவிட்டு, சாமானை அதற்குள் இரண்டு மணி நேரம் வைத்து எடுப்பேன். மணிக்கட்டை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், அப்புறம்தான் பிரஷ். அடித்த சாமானைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். தின்னர் ஆவியும் பல்புச் சூடும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடாது.

*உள்ளே செந்தூள் இருந்தால்:* துரு முழுதாக எடுபடவில்லை. அந்த இடத்தைப் பளிச்சென்ற இரும்பு வரைக்கும் சுரண்டுங்கள். கொப்புளத்தைவிட இரண்டு மடங்கு அகலத்துக்கு அடியில் துரு ஓடியிருக்கும்.

*வெறும் காற்று, அடியில் பளபளப்பான உலோகம் என்றால்:* அது அலுமினியம், நீங்கள் அடித்தது இரும்புக்கான ரெட் ஒக்சைட். எட்ச் பிரைமர் கேட்டு வாங்கி, முழுதும் உரித்து, திரும்ப அடிக்க வேண்டும். குறுக்குவழி இல்லை.

எந்த மாதம் அடிப்பது என்று கேட்டால் தேயிலையைக் கேளுங்கள் என்பேன். அட்டன், நுவரெலியா, டிம்புளைப் பக்கம் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை, அதாவது ஏறக்குறைய ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளையில் ஜூலை, ஆகஸ்ட். அந்தந்தப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல வாசம் ஏறும் வரண்ட காற்றுதான் பெயின்டையும் இழுத்துக் காயவைக்கிறது. அந்த மாதத்திலும் காலை பத்து மணிக்கு முன் தொடங்க வேண்டாம், பின்னேரப் பனி இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பிரஷைக் கழுவிவிடுங்கள்.

மினுக்கம் போய் வெள்ளை மேகம் படிகிறது

ஸ்பிரே அடித்த சிறிது நேரத்தில் பச்சை நிறத்தின் மேல் பால் சிந்தியது போல வரும். காற்றில் உள்ள ஈரம் பெயின்டில் மாட்டிக்கொண்டது. தேய்க்காமல் விட்டுவிடுங்கள். தின்னரில் கரையும் லேக்கர் வகை என்றால் வெயிலான ஒரு நடுப்பகலில் மெல்லிய தின்னர் மட்டும் தூரத்திலிருந்து ஒரு வீச்சு அடித்தால் பெரும்பாலும் தெளியும். தெளியாவிட்டால் வாட்டர் பேப்பர், பின் இன்னொரு கை பெயின்ட். கடையில் மெதுவாக உலரும் தின்னர் கேளுங்கள். மலிவு தின்னர்தான் இந்தக் கோளாறை அதிகம் கொண்டுவருகிறது.

இரண்டாம் கை பெயின்ட் அடித்ததும் சுருங்குகிறது

கிழவியின் கைத்தோல் போலச் சுருங்கினால் காரணம் இரண்டில் ஒன்று. முதல் கை உள்ளே காயவில்லை; டின்னில் எழுதியிருக்கும் நேரம் வெப்பமான ஊருக்கானது, இங்கே இரண்டு மடங்கு பொறுங்கள். நகத்தால் மறைவான இடத்தில் அழுத்தினால் தடம் விழக்கூடாது. இல்லையென்றால் எனமலுக்கு மேல் தின்னர் வகைப் பெயின்டை அடித்துவிட்டீர்கள். இதைத் தொடங்கும் முன்பே கண்டுபிடிக்கலாம்: மறைவான இடத்தில் பழைய பெயின்டின் மேல் தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் வையுங்கள். சுருங்கினால் எனமல், அதன் மேல் எனமல்தான் போகும். துணியில் நிறம் ஒட்டினால் லேக்கர். ஒன்றுமே ஆகவில்லை என்றால் நல்ல கெட்டிப் பெயின்ட், மேலே எதையும் அடிக்கலாம்.

பழைய நிறம் என்னவென்று தேடுபவர்கள் கம்பனித் தகட்டின் ரிவெட்டை எடுத்து அடியில் பாருங்கள். வெயில் படாத அசல் நிறம் ஒரு தீப்பெட்டி அளவுக்காவது அங்கே இருக்கும். தகட்டையே கொண்டுபோய்ப் பெயின்ட் கலக்கும் கடையில் காட்டலாம்.

வட்ட வட்டமாகப் பெயின்ட் ஒதுங்குகிறது

மீன்கண். ஒயில் அல்லது டபிள்யூடி-40 மிச்சம் இருக்கிறது. ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, தின்னர் நனைத்த ஒரு துணியால் துடைத்து, உலர்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றியெடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் ஒயிலை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

டாங்கைச் சுற்றி மட்டும் பெயின்ட் பிசுபிசுக்கிறது

பெற்றோல் சிந்தும் இடம். மூடி வாசர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஊற்றும்போது புனல் வையுங்கள். ஆனாலும் சாதாரண எனமல் பெற்றோலுக்குத் தாங்காது. டாங்கை மட்டும் கழற்றி, ஹார்ட்னர் சேர்க்கும் டூகே பெயின்டை அடிக்க வேண்டும். இதை வீட்டில் செய்யச் சொல்லமாட்டேன். அந்த ஹார்ட்னரின் புகை மூச்சுக்குழாயைக் கெடுக்கும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. கார் பெயின்ட் அடிக்கும் பாஸிடம் டாங்கைக் கொடுத்து, அவர் யாருடைய காருக்காவது அந்த நிறத்தைக் கலக்கும் நாளில் இதையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள், மலிவாக முடியும். கொடுக்கும் முன் மூடியின் ஊசித்துளையில் ஒரு தீக்குச்சி முனையைச் சொருகிவிடுங்கள். டாங்க் திரும்பி வந்ததும் அதைப் பிடுங்கவும் வேண்டும்.